பொன்சியானா ஊற்றாத கொசுறு

பழச்சாறு வரிசையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஒரு கையில் தொப்பியும் மறு கையில் கடிகாரமுமாக என்னையே பார்த்தபடி அமர்ந்திருக்கும் சந்தைச் சங்கத் தலைவர் தோன் நிக்கானோர் அவர்களே! செபம் சொல்லி விழாவைத் தொடங்கி வைத்துவிட்டு, இரண்டு குவளை அன்னாசிச் சாறும் அருந்தி அருள்பாலித்த பங்குத் தந்தை அவர்களே! விடியலையும் மூட்டையோடு சேர்த்து முதுகில் சுமந்து வரும் சுமைகூலிச் சகோதரர்களே! பாலாடைக்கட்டி வரிசையின் பெரியோர்களே! பார்க்கிறவர் கண்ணையெல்லாம் கலங்க வைக்கும் மிளகாய் வரிசையின் மாதரசிகளே! வெண்ணிற மேலங்கி உடுத்து, வெண்ணிறத் தொப்பி தரித்து, கனிகளைக் கோபுரமாய் அடுக்கி அதன் நடுவே கொலுவிருக்கும் என் வரிசைத் தாய்மார்களே! வீட்டில் காப்பி காத்திருக்க, வீட்டுக்காரி முறைத்திருக்க, எங்கள் பெஞ்சைத் தேடி வரும் வாடிக்கைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் எலேயுத்தேரியாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

எனக்குச் சங்கம் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘கலவைப் பழச்சாறு: தோற்றமும் தொன்மையும் சேர்மானங்களும்’. இதை வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “ஏன்டி, இது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கே, நீ பாஸாவியா?” என்று கேட்டார். பரீட்சையில் தோற்றாலும் பேச்சில் நான் தோற்றதில்லை என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் இன்று முன்வரிசையில் உட்காராமல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார்.

எங்கே பிறந்தது எங்கள் சாறு? எவர் பெற்றெடுத்த பிள்ளை இது?

பப்பாளியைக் கேளுங்கள். மிஸ்தி மலை கக்கிய சாம்பலில் வேர்விட்டு, சின்னஞ்சிறு உருவில் சீமைக்கே மணக்கும் நம் அரெகிப்பா ஊர்ப் பப்பாளி சொல்லும், நான் இந்த மண்ணின் மகள் என்று. அன்னாசியைக் கேளுங்கள். கிழக்கே காட்டிலிருந்து லாரியேறி, மலையேறி, முள்ளோடும் முடியோடும் வந்து இறங்குகிறதே, அதுவும் இந்த நாட்டுப் பிள்ளைதான். பள்ளத்தாக்கில் பழுத்து, வேகவைத்த சர்க்கரைவள்ளியாய் மாவாகும் மஞ்சள் லுக்குமாவும் அப்படியே. ஆனால் வாழையைக் கேளுங்கள்! ஆரஞ்சைக் கேளுங்கள்! கரும்பைக் கேளுங்கள்! பால் சுரக்கும் பசுவைக் கேளுங்கள், முட்டையிடும் கோழியைக் கேளுங்கள்! கப்பலேறி வந்தோம், கடல் தாண்டி வந்தோம், வந்த இடத்தில் வாழ்ந்துவிட்டோம் என்று சொல்லும். சாற்றில் ஊற்றுகிறோமே அந்தக் கறுப்பு பீர், அதன் வாற்கோதுமையும் வெளியூர், அதைக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர்களும் வெளியூர். வடக்கே வெயில் காயும் பொட்டலில், கருவேலஞ் சாதி மரத்தின் காயை நாளெல்லாம் காய்ச்சி இறக்குகிற கரும்பாகு மட்டும் உள்ளூர். அதையும் இதையும் ஒரு ஜாடியில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றினால், நுரை பொங்கி வருகிறதே, அதற்குத்தான் நாங்கள் ‘ஸ்பெஷல்’ என்று பேர் வைத்திருக்கிறோம்.

என்ன? மாக்காவை விட்டுவிட்டேனா? யார் அது, இறைச்சி வரிசை அண்ணனா? விடவில்லை அண்ணே. புல்லும் முளைக்கப் பயப்படும் உயர்ந்த சமவெளியில், உறைபனிக்கு அடியில் விளையும் மாக்காக் கிழங்கின் மாவு ஒரு கரண்டி. நீங்கள் தினமும் இரண்டு கரண்டி கேட்பது ஊருக்கே தெரியும். பலன் உண்டா இல்லையா என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும். அண்ணி தலை குனிந்துகொண்டார்கள், நான் மேலே கேட்கவில்லை.

இன்னொரு குரல் கேட்கிறது, மிக்ஸி வந்த பிறகுதானே இதெல்லாம் என்று. நல்ல கேள்வி. மிக்ஸி வருவதற்கு முன்னால் இந்த ஊரில் கல் இல்லையா? கல்லில் நசுக்கிக் கையால் பிசையத் தெரிந்த பெண் இல்லையா? துணியில் வடிகட்டிக் குடிக்கத் தெரிந்த வாய் இல்லையா? மிக்ஸி எங்கள் கைவலியைக் குறைத்தது. கைப்பக்குவம் அதற்கு முன்பே எங்களிடம் இருந்தது.

ஆனால் தோழர்களே, தாய்மார்களே, நான் இப்போது சொன்ன சாமான்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். அதே பப்பாளி, அதே வாழை, அதே பீர், அதே முட்டை. வருகிறதா எங்கள் சுவை? வராது. முயன்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே முப்பது பேர் இருப்பீர்கள். ஏன் வராது? ஒரு சேர்மானம் குறைகிறது. கிலோக் கணக்கில் விற்காத சேர்மானம், காசு கொடுத்தாலும் கிடைக்காத சேர்மானம். அதன் பேர் கொசுறு!

குவளை நிறைய ஊற்றுகிறோம். நீங்கள் குடிக்கிறீர்கள். ஜாடியில் மிச்சம் வைத்திருக்கிறோம். உங்கள் குவளை காலியானதும் அந்த மிச்சத்தை நுரையோடு ஊற்றுகிறோம். அதுதான் கொசுறு. முதல் குவளை கொடுக்கல் வாங்கல். கொசுறு உறவு! அதை ஊற்றியவளை நீங்கள் கசேரா என்கிறீர்கள், அவளும் உங்களைக் கசேரா என்கிறாள், ஆம்பிளையாக இருந்தால் கசேரோ என்கிறாள். விற்கிறவளுக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே பெயர் வைத்துக் கூப்பிடும் ஊர் நம் ஊர். கொசுறு வாங்கிய பிறகு நீங்கள் வேறு கடையில் உட்கார முடியுமா? உட்கார்ந்துதான் பாருங்களேன். சட்டையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார்.

இந்தக் கொசுறால் நம் வரிசையில் நடந்த ஒரு கதையைச் சொல்லத்தான் நான் இன்று மேடையேறினேன். பழத்தின் கதையைப் பாடப்புத்தகம் சொல்லும். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் பக்கத்துக் கடை கசில்டா. அவளுக்கு நேர் எதிர்க்கடை பொன்சியானா. இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், டாக்சி ஓட்டும் தோன் ஃபவுஸ்தீனோ. சிரிக்காதீர்கள், நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. அவர் கசில்டாவின் கசேரோ. ஒரு திருவிழாக் காலத்தில் கசில்டா பால் வாங்கப் போயிருந்த நேரம் அவர் வந்தார். எதிரே நின்ற பொன்சியானா சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பெஞ்சில் உட்கார வைத்தாள். சாறு போட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். கொசுறும் ஊற்றிவிட்டாள்! மறுநாள் முதல் மனுஷன் எதிர்ப்பக்கம்தான். அன்று தொடங்கிய பகை, ஆண்டுகள் பல ஆகியும் ஆறவில்லை. ஐஸ்கட்டிக்காரன் வந்தால்கூட, “அந்தப் பக்கத்துல கேட்டுட்டு வா” என்று ஒருவர் பெயரை ஒருவர் சொல்லாமலே காலம் தள்ளினார்கள்.

அப்படியிருக்க, கசில்டாவுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. அறுவை முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை, ஆஸ்பத்திரியைவிட்டு விடவில்லை. அவள் கடைமேல் நீலப் பிளாஸ்டிக் போர்த்திக் கயிறு கட்டினோம். ஒரே மகள் சுரங்க ஊரில் சமையல் வேலை பார்க்கிறாள், வந்து நின்றால் வேலை போய்விடும். சந்தையின் விதி உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் மூடிக் கிடந்த கடை அடுத்தவருக்குப் போகும். இடம் கேட்டு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தக் கடை போனால் கசில்டாவுக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த நாலடி இடத்தில்தான் அவள் மகளை வளர்த்தாள், மகளைப் படிக்க வைத்தாள், புருஷன் போன துக்கத்தையும் அங்கேயே நின்றுதான் ஆற்றிக்கொண்டாள்.

வரிசை கூடிப் பேசினோம். பேசினோம், பேசினோம், பெருமூச்சு விட்டோம். எவளால் தன் கடையை விட்டு இன்னொரு கடையில் நிற்க முடியும்? ஆளாளுக்கு ஒரு காரணம். எல்லாம் நியாயமான காரணம். மறுநாள் காலை நான் வந்து பார்க்கிறேன், நீலப் பிளாஸ்டிக்கை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கசில்டாவின் கடைக்குள் நிற்கிறாள் பொன்சியானா. தன் கடையைத் தங்கை மகள் கையில் ஒப்படைத்துவிட்டாள். நான் வாயைப் பிளந்தேன். “என்ன பாக்குற எலேயுத்தேரியா, லைட்டு எரியணும், மிக்ஸி ஓடணும், அவ்ளோதானே விதி” என்றாள்.

லைட் எரிந்தது. மிக்ஸி ஓடியது. கசில்டாவின் ஆட்கள் கசில்டாவுக்காக வந்தார்கள். பகைக்காரி கையால் குடிக்கிறோமே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தார்கள். சுவையில் குறையில்லை. இத்தனை வருஷம் எதிரே நின்று முறைத்தவளுக்கு, கசில்டா எதை முதலில் போடுவாள், எதைக் கடைசியில் போடுவாள் என்பது அத்துபடி. குடித்து முடித்தார்கள். வழக்கப்படி குவளையை நீட்டினார்கள்.

பொன்சியானா என்ன செய்தாள் தெரியுமா? ஜாடியில் இருந்த மிச்சத்தை அவர்கள் கண்ணெதிரே வாளியில் கொட்டினாள்! கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவத் தொடங்கினாள்.

ஆம் தாயே, நீங்கள் நெஞ்சில் கைவைப்பது சரிதான். நம் சந்தையில் ஒருவரை அறைந்தால்கூட மறந்துவிடுவார்கள். நீட்டிய குவளையை வெறும் குவளையாகத் திருப்பி வைக்கச் செய்வதை மறப்பார்களா? முதல் நாள் முணுமுணுத்தார்கள். அடுத்த நாள் முகம் திருப்பினார்கள். பிறகு வரவே இல்லை. பெஞ்சு காலியானது. கோபுரமாய் அடுக்கிய பப்பாளி குலையாமல் அப்படியே இருந்தது. வரிசை முழுக்க ஒரே பேச்சு. கடையைக் காப்பாற்ற வந்தவள் மாதிரி வந்து, கசில்டாவின் பேரைக் கெடுத்துவிட்டாள், பழைய பகையை இப்படித் தீர்த்துக்கொள்கிறாள் என்றார்கள். பொன்சியானா காதிலும் விழுந்தது. ஆனாலும் தினமும் வந்து, தினமும் பழத்தைத் துடைத்து அடுக்கி, காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிர்வாகி உர்கீசோவும் வந்து பார்த்தார். ஆள் உட்காராத கடை மூடிய கடைதான், சனிக்கிழமை வந்து சீல் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உருளைக்கிழங்கு வரிசையிலிருந்து யாரோ ஆஸ்பத்திரிக்குப் போய் இத்தனையையும் கசில்டாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்கள். யார் என்று கேட்க மாட்டேன். அந்த வரிசையே இப்போது என்னைப் பார்க்காமல் மிஸ்தி மலையைப் பார்க்கிறது.

சனிக்கிழமை காலை. தோன் ஃபவுஸ்தீனோவின் டாக்சி வாசலில் நின்றது. உள்ளேயிருந்து இறங்கினாள் கசில்டா. படுக்கையில் கிட என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பமாகப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். வரிசையில் ஒவ்வொரு மிக்ஸியாக நின்றது. தன் கடைக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே பொன்சியானா. இருவருக்கும் நடுவே பழக்கோபுரம். அன்று அவர்கள் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன்.

“என் ஆளுங்களுக்கு ஏன் கொசுறு ஊத்தல?” என்றாள் கசில்டா. “ஜாடியில மிச்சம் இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“வாளியில கொட்டினியா?”

“கொட்டினேன்.”

“ஏன்டி?”

பொன்சியானா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். “ஊத்தினா என் ஆளாயிடுவாங்க. உங்கிட்டேருந்து ஒரு ஆளை நான் எடுத்தது போதும். நீ திரும்பி வரும்போது கடை இருந்து ஆள் இல்லாம போனா, அது நான் திருடினதா ஆயிடும். கடையைக் காப்பாத்தத்தான் வந்தேன். உன் கொசுறு உன்னோடது, அதை ஊத்த எனக்கு உரிமை இல்ல.”

கேட்டீர்களா! பேரைக் கெடுக்கிறாள் என்று பேசினோமே, பகை தீர்க்கிறாள் என்று பழித்தோமே, அந்தப் பழியையெல்லாம் வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, எதிரியின் உறவுக்கு அவள் காவல் நின்றிருக்கிறாள்! கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், குடித்துவிட்டுச் சொல்கிறேன். சாறு வரிசையின் விழாவில் தண்ணீர் கேட்கிறேனே என்று சிரிக்காதீர்கள்.

கசில்டா என்ன செய்தாள்? உள்ளே போகவில்லை. வெளியே, வாங்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், மெல்லத் தையலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். தன் கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. “ஒரு பப்பாளி போடு” என்றாள். “பால் கூடாது, முட்டை கூடாது, பீர் கூடவே கூடாதாம். டாக்டர் உயிரோட விட்டது பப்பாளியை மட்டுந்தான்.” பொன்சியானா பழத்தைச் சீவினாள், காய்ச்சி ஆறிய தண்ணீரில் அடித்தாள், ஊற்றினாள். கசில்டா குடித்தாள். அவசரமில்லாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் குவளையை நீட்டினாள்.

“கொசுறு ஊத்து, கசேரா.”

கசேரா! இத்தனை ஆண்டு பெயரைக்கூடச் சொல்லாத வாய் அந்தச் சொல்லைச் சொன்னது. பொன்சியானா ஜாடியை எடுத்தாள். ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரை, ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்து ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்தார், சீலும் மெழுகுமாக. வந்து பார்த்தால் பெஞ்சில் இடமில்லை. கசில்டா வந்த செய்தி கேட்டு ஓடிவந்த அவள் ஆட்கள் ஒருபக்கம், எங்கள் வரிசைப் பெண்கள் ஒருபக்கம். தன் கடையைத் தவிர வேறு கடையில் வாய் வைக்காத பெண்கள்! நானும் உட்கார்ந்தேன், நெருக்கி இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “இது யார் கடை?” என்று கேட்டார் நிர்வாகி. உள்ளே நிற்கிறவள் பொன்சியானா. ஒரு சொல் சொன்னால் போதும், கடை அவள் பேருக்கே கைமாறியிருக்கும். அவள் என்ன சொன்னாள்?

“அந்தா உக்காந்து குடிக்கிறாங்களே, அவங்க கடை. நான் அவங்களுக்குக் கை, அவ்ளோதான்.”

நிர்வாகி நின்றார். யாரோ அவர் கையில் ஒரு ஸ்பெஷலைத் திணித்தார்கள். குடித்தார். மீசையில் நுரை ஒட்டியது. யோசித்தார். பிறகு, சட்டம் தெரிந்த மனுஷன், சந்தையும் தெரிந்த மனுஷன், குவளையை நீட்டினார். சீல் பைக்குள் போனது. கடை பிழைத்தது!

இப்போது சொல்லுங்கள், எங்கள் சாறு எங்கே பிறந்தது? காட்டிலா, கடற்கரையிலா, கப்பலிலா? காட்டுப் பழமும் கடல் தாண்டி வந்த பழமும் கலப்பது பெரிய காரியமா? மிக்ஸி இருந்தால் கலந்துவிடும். பகையும் பகையும் ஒரு ஜாடியில் கலந்ததே, அது எந்த மிக்ஸியால் முடியும்? உலகத்தில் எத்தனையோ ஊரில் பழத்தை அரைத்துக் குடிக்கிறார்கள். குடிக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் கொடுக்காமல் காத்ததும் கொசுறுதான், கொடுத்துச் சேர்த்ததும் கொசுறுதான் என்று வாழ்ந்து காட்டிய வரிசை எங்கள் வரிசை! அந்த வரிசையில் ஒருத்தியாக நிற்பதில் எனக்குப் பெருமை! நெஞ்சு நிமிர்ந்த பெருமை! நாளை இந்த மேலங்கியோடே என்னைப் புதைத்தாலும் குறையாத பெருமை!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடிக்கிறேன் தலைவரே, ஒன்றே ஒன்று.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். கேட்கிறதா? விழா நேரத்தில் வரிசையே ஓய்ந்திருக்க, உள்ளே ஒரே ஒரு மிக்ஸி மட்டும் ஓடுகிறது. அது பொன்சியானாவின் கடை. ஆனால் பொன்சியானா அங்கே இல்லை. முழங்கால் அறுவைக்காகப் போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. விழாவுக்கு வா, மேடையில் உட்கார், மாலை போடுகிறோம் என்று கசில்டாவைக் கூப்பிட்டேன். “பெஞ்சு காலியா இருக்கக் கூடாது, நீ போய்ப் பேசு” என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே அன்பர்களே, என் பேச்சுக்குக் கைதட்ட வேண்டாம். எழுந்து உள்ளே போங்கள். எவருடைய கசேராவாக இருந்தாலும் இன்று அந்தப் பெஞ்சில் உட்காருங்கள், எவளும் கோபிக்க மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. குடித்து முடித்துக் குவளையை நீட்டுங்கள். கசில்டா வாளியில் கொட்ட மாட்டாள். குவளை நிறைய ஊற்றுவாள். ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும், முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை, ஒன்று சொல்கிறாள். நானே கேட்டேன்.

“இது பொன்சியானா ஊத்துறது.”

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்க்கும், கம்பத்துக்குப் பின்னிருந்து இப்போது முன்னால் வந்துவிட்ட என் வீட்டுக்காரருக்கும் என் நன்றி. வரிசை வாழ்க, வாடிக்கை வளர்க. வணக்கம்.